கந்தையாத் தம்பியின் முதல் அட்டை

அன்று வியாழக்கிழமை. தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் மாடி அறையில் குடியிருந்த கந்தையாத் தம்பிக்கு வியாழக்கிழமை என்றால் கீரை வேண்டும். கீரைக்கட்டைக் கூடையில் வைக்கும்போது என் மருமகள் சரசு செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தாள்.

"அத்தை, மாடி மாமா பஸ்ஸுல மயங்கி விழுந்துட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்களாம்."

"ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டுப் போனாரா?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு நர்ஸ் பழுப்பு உறை ஒன்றைக் கொடுத்தாள். அதில் மூக்குக்கண்ணாடி, விபூதிச் சம்புடம், பஸ் டிக்கெட், அப்புறம் ஓட்டை ஓட்டையாகக் குத்திய ஓர் அட்டை இருந்தன. அட்டையின் ஒரு மூலை கிழிந்து, மேலே மஞ்சளாக ஏதோ கறை படிந்திருந்தது. ஆபீஸ் அட்டை என்று நினைத்து உறையோடு கூடையில், கீரைக்கு மேல் வைத்தேன்.

யாழ்ப்பாணத்து வழக்கப்படி முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு ஒரு நினைவு மலர் அச்சிடுவார்களாம். அவருடைய சொந்தக்காரர்கள் கோலாலம்பூரிலிருந்து வந்து, என்னையும் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அச்சுக் கோப்பவர் என்னைக் குறை சொல்ல மாட்டார். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை என்பது மட்டும்தான் குறை. எதை விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெர்பாவ் ரோட்டில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு அவர் வந்தது ஐம்பத்தைந்தாம் வருஷம். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு குடையும்தான் கொண்டு வந்தார். அப்போது அவர் ஆபீசில் குமாஸ்தா. ஆறேழு வருஷம் கழித்து அந்த ஆபீசுக்கு அலமாரி அலமாரியாகக் கணக்கு மெஷின் வந்து இறங்கியது. பரீட்சை வைத்து ஆள் எடுத்தார்கள். இளவட்டங்கள் எல்லாம் தவறிப்போக, நாற்பத்தெட்டு வயதில் இவர் தேறினார். அந்த மெஷினுக்குச் சூடு ஆகாதாம். அறை முழுக்கக் குளிர்காற்று. அதனால் சிராங்கூன் ரோட்டு வெயிலில் கம்பளி ஸ்வெட்டரைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பார். தெருவே சிரிக்கும். பூக்கடை ராமாயி, "என்ன சாமி, இமயமலைக்கா?" என்பாள். "ஓம் ராமாயி, பின்னேரம் திரும்பிடுவன்" என்பார். சிரிக்காமல் சொல்வார். அவள்தான் சிரித்துச் சிரித்துச் சாய்வாள்.

அந்த அட்டைகளோடு எனக்குப் பழக்கம் வந்தது ஒரு மழை நாளில். கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் கால் வழுக்கி, கையில் வைத்திருந்த அட்டைக் கட்டைச் சிதறவிட்டார். நானூறு அட்டை இருக்கும். ஒரு கட்டளைக்கு ஓர் அட்டை, வரிசை மாறினால் மெஷின் உளறும் என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் சரசுவும் பொறுக்கினோம். கட்டின் மேல்விளிம்பில் நீலப் பென்சிலால் ஒரு சாய்கோடு இழுத்திருந்தார். ஒவ்வோர் அட்டையிலும் அதன் ஒரு புள்ளி விழுந்திருந்தது. புடவைக் கரையைச் சேர்த்து மடிக்கிறவளுக்கு இது ஒரு வேலையா? புள்ளிக்குப் புள்ளி சேர்த்து, கோடு நேராக வரும்வரை அடுக்கிக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஒண்டும் பிசகேல்லை, அக்கா. எங்கடை ஆபீசிலை உங்களைச் சேர்க்கலாம்."

"சேத்துக்கங்களேன். மதியச் சாப்பாடும் அங்கேயே ஆக்கிப் போடுறேன்."

மேலே இருந்த முதல் அட்டையை அப்போதுதான் எனக்குக் காட்டினார். அதன் முதல் கட்டத்தில் 'சி' என்ற ஒற்றை இங்கிலீஷ் எழுத்தைக் குத்திவிட்டால், மெஷின் அந்த அட்டையைக் கண்டுகொள்ளாமல் அடுத்ததற்குப் போய்விடுமாம். "அப்ப எதுக்கு அதை வைக்கணும்?" என்று கேட்டேன். "இது மெஷினுக்கு இல்லை, அக்கா. பிறகு வந்து பார்க்கிற மனுசருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டுக்கொண்டே இந்தக் கதைகளைச் சொல்வார். மெஷினோடு பேச ஃபோர்ட்ரான், கோபோல், அல்கோல், பேசிக் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு பெயர் வரும்.

"ஒரு மெஷினுக்கு எதுக்குத் தம்பி இத்தனை பாஷை?"

"முதல்லை பாஷையே இல்லை, அக்கா. எல்லாம் இலக்கம்தான். ஒரு கணக்கை எழுத நாட்கணக்காகும். பிறகு அமெரிக்காவிலை ஒரு கொம்பனியிலை சில பேர் மூண்டு வருசம் குந்தியிருந்து ஃபோர்ட்ரானைச் செய்தவை. பள்ளிக்கூடக் கொப்பியிலை எழுதுற மாதிரிக் கணக்கை எழுதினால் காணும். மெஷினே அதைத் தன்ரை இலக்கமா மாத்திப்போடும். மனுசன் எழுதுற மாதிரி அது திறமாய் எழுதாதெண்டு கன பேர் சிரிச்சவை. சிரிச்சவையே பிறகு அதைப் படிச்சவை."

ஃபோர்ட்ரான் பாலம் கட்டுகிற, விமானம் செய்கிற எஞ்சினியர்களுக்கு. ஆபீஸ்காரர்களுக்கு அது ஒத்துவரவில்லை என்று பல கம்பெனிக்காரர்களும் அரசாங்கத்துக்காரர்களும் கூடிப் பேசிச் செய்தது கோபோல். அதில் வாக்கியம் வாக்கியமாக எழுதி முற்றுப்புள்ளி வைக்க வேண்டுமாம். புள்ளியை விட்டால் மெஷின் கோபித்துக்கொள்ளும். அல்கோல் பல நாட்டுப் பேராசிரியர்கள் சேர்ந்து செய்தது. "அதை எல்லாரும் புகழுவினம். எங்கடை ஆபீசிலை ஒருத்தரும் பாவிக்கிறேல்லை." பேசிக் கடைசிப் பிள்ளை. விஞ்ஞானம் படிக்காத மாணவர்களும் மெஷினைத் தொடவேண்டும் என்று ஒரு கல்லூரியில் இரண்டு ஆசிரியர்கள் செய்ததாம்.

"இட்லிக்கு ஒரு சட்டி, தோசைக்கு ஒரு கல்லுன்னு சொல்லுங்க" என்றேன்.

"வடிவாச் சொன்னியள், அக்கா."

"எல்லாம் இங்கிலீஷ்ல எழுதுறதால, மெஷினுக்கு இங்கிலீஷ் நல்லாத் தெரியும், இல்ல?"

அவர் சிரித்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. "மெஷினுக்கு ஒரு பாஷையும் தெரியாது, அக்கா. அட்டையிலை ஓட்டை இருக்கோ இல்லையோ, அது மட்டும்தான் தெரியும். பாஷை எங்களுக்குத்தான் தேவை." அமெரிக்கக் கடற்படையில் ஒரு பெண்மணி இருந்தாராம். சாதாரண இங்கிலீஷ் வார்த்தையால் மெஷினுக்குக் கட்டளை எழுதலாம் என்று முதலில் சொன்னவர் அவராம். மெஷினுக்கு இங்கிலீஷ் புரியாது என்று அவரை மடக்கினார்களாம். அவர் விடாமல் செய்து காட்ட, கோபோலே அந்த வழியில்தான் பிறந்ததாம்.

"பொம்பளையா?"

"ஓம், பொம்பிளைதான்."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் கேட்டேன். "அதுக்கு எந்தப் பாஷையும் தெரியாதுன்னா, இங்கிலீஷும் ஒண்ணுதான், தமிழும் ஒண்ணுதான். இங்க கவர்மெண்ட் போர்டுல நாலு பாஷை எழுதுறாங்க. மெஷினுக்கு மட்டும் ஏன் ஒரு பாஷை? தமிழ்ல சொன்னா வேண்டாம்னா சொல்லும்?"

தம்பி சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கையில் பிசைந்த சோறு காய்ந்துகொண்டிருந்தது. "சாம்பார் ஆறிப் போவுது" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. இந்த நாடு தனி நாடான வருஷம் அது. அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பு இல்லை.

அவர் செய்ய நினைத்தது இதுதான். தமிழ் வார்த்தைகளில் எழுதிய அட்டைகளை மெஷினுக்குள் போட்டால், அதே கட்டளைகள் கோபோல் அட்டைகளாக வெளியே வர வேண்டும். அதைத் திரும்ப உள்ளே போட்டால் மெஷின் வேலை செய்யும். இந்த மொழிபெயர்ப்பு வேலையைச் செய்யும் கட்டளைகளை ஃபோர்ட்ரானில் எழுதினார். குத்துகிற மெஷினில் தமிழ் எழுத்துக் கிடையாது. அதனால் தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்தில் குத்தினார். "வெள்ளைக்காரன் சட்டை போட்ட தமிழா இருக்கே" என்றேன். "உள்ளுக்கை ஆள் தமிழன்தானே" என்றார்.

அந்தக் கேள்வி போதாதென்று இன்னொரு தப்பும் நான் செய்தேன். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதியதை ஒரு நாள் எனக்குப் படித்துக் காட்டினார். "கூட்டு இரண்டை மூன்றோடு."

"யாரு தம்பி இப்படிப் பேசுவாங்க? வெத்தலைக் கடைக்காரன்கூடச் சொல்லமாட்டான். இரண்டை மூணோட கூட்டுன்னுதானே சொல்லணும்?"

"கூட்டு எண்டது கடைசியிலை வந்தால், என்ன செய்யோணுமெண்டு தெரியாமல் மெஷின் கடைசி மட்டும் காத்துக்கொண்டிருக்கோணும், அக்கா."

"காத்திருக்கட்டுமே. நீங்க சொல்லி முடிக்கிறவரைக்கும் நான் காத்துக்கிட்டு இருக்கேன்ல? உங்க மெஷின் என்னைவிடப் பெரிய ஆளா?"

என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். அவர் எழுதியது எல்லாவற்றையும் கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அதற்கு மேலும் ஒன்றரை வருஷம் ஆனது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த ஒன்றரை வருஷம் அவர் கையில் இருந்திருக்கும். இப்போது கணக்குப் போட்டு என்ன செய்ய?

அட்டைகள் முழுவதும் தயாரானபோது நவராத்திரி. விஜயதசமியன்று காலை ஏழு மணிக்கு, ஆபீஸ் வேலை தொடங்குமுன், அரை மணி நேரம் மெஷினைத் தருவதாக அவருடைய பெரிய ஆபீசர் ஒத்துக்கொண்டிருந்தார். தம்பி அந்த அட்டைகள் அடங்கிய பெட்டியைக் கொண்டுவந்து சரஸ்வதி பூஜையில், என் பேத்தி வசந்தாவின் பாடப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். "பெட்டிக்கு ஒரு பொட்டு வையுங்கோ, அக்கா" என்று சொல்லிவிட்டு ஃபேரர் பார்க் திடலுக்கு நடக்கப் போய்விட்டார்.

பெட்டிக்கு எதற்குப் பொட்டு? படிப்பு உள்ளே அல்லவா இருக்கிறது? புத்தகத்தை விட்டுவிட்டுப் பைக்கா பொட்டு வைப்பார்கள்? மூடியைத் திறந்தேன். முதல் அட்டைக்கும், நடுவில் சில அட்டைகளின் விளிம்புக்கும், கடைசி அட்டைக்கும் நன்றாகக் குழைத்த சந்தனம் இட்டேன். அதன் மேல் குங்குமம். மூடிவிட்டு, பெட்டிக்கும் ஒன்று வைத்தேன். மறுநாள் காலை கற்பூரம் காட்டி நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மடித்த வேட்டியைப் போலக் கையில் ஏந்திக்கொண்டு போனார்.

அன்று மாலை வாசலிலேயே நின்றேன். "ஓடிச்சா தம்பி?"

"இண்டைக்கு மெஷினுக்கு வேறை வேலை வந்திட்டுது, அக்கா. பிறகு பாப்பம்." பிறகு உட்கார்ந்து சுண்டல் கேட்டார். இன்னொரு தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எப்போதும் ஒரு தரத்தோடு நிறுத்துகிற மனிதர்.

அதன் பிறகு நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "வரும், அக்கா" என்பார். அடுத்த வருஷமும் பெட்டியைப் பூஜைக்குக் கொண்டுவந்தார். இந்தத் தடவை நடக்கப் போகவில்லை. என் பக்கத்திலேயே உட்கார்ந்து, "பெட்டிக்கு மட்டும் காணும், அக்கா" என்றார். "சாமிக்கு வைக்கிற சந்தனத்துல கஞ்சத்தனமா?" என்று கேலி செய்தேன். தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டார்.

அவரைத் தகனம் செய்துவிட்டு வந்த அன்று, மெஷினை ஓட்டுகிற ஆப்பரேட்டர் மணியம் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த சாமான்களை விளக்கடியில் வைத்திருந்தேன். அந்த அட்டையைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"இதை இன்னும் வச்சிருந்தாரா? அந்த முதல் கார்டு, அம்மா. நான்தான் மெஷினைத் திறந்து இடுக்கியால பிச்சு எடுத்தேன்."

"எதுக்குப் பிச்சு எடுத்தீங்க?"

மணியம் என் முகத்தைப் பார்த்தார். சொல்லலாமா என்று யோசித்தது தெரிந்தது. "உங்ககிட்டச் சொல்லலையா? சந்தனம் காஞ்சு கார்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு லா. குங்குமம் உள்ள போய்க் கொட்டிருச்சு. ரெண்டு எஞ்சினியர் வந்து துடைச்சாங்க. அரை நாள் மெஷின் நின்னுபோச்சு. பெரிய ஆபீசர் எல்லார் முன்னாலயும் கத்தினாரு. இனிமே இந்த மாதிரி சொந்த வேலைக்கெல்லாம் மெஷின் கிடையாதுன்னுட்டாரு."

"யாரு வச்சதுன்னு கேட்டாரா?"

"கேட்டாரு. இவரு, நான்தான் வச்சேன்னாரு."

என்னால் அழ முடியவில்லை. அந்தச் சுண்டல்தான் நினைவுக்கு வந்தது. இரண்டு தரம் பரிமாறினேனே. மறுபடி எப்போது ஓட்டுவீர்கள் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? கேட்கவும் முடியாது, காலைத் தொடவும் முடியாது. ஆள் இல்லை.

பெட்டி அவர் அறையில்தான் இருந்தது. கெட்டுப்போன அட்டைகளுக்குப் பதிலாகப் புது அட்டைகளைக் குத்தி, நீலக் கோட்டையும் புதிதாக இழுத்து, ஓடத் தயாராக வைத்திருந்தார். பதினாறாம் நாள் முடிந்ததும் மணியத்தைக் கூட்டிக்கொண்டு, பெட்டியை மடியில் வைத்து பஸ்ஸில் அந்த ஆபீசுக்குப் போனேன். பெரிய ஆபீசர் வெளிநாடு போயிருந்தார். அவருடைய இடத்தில் தமிழ்ப் பையன் ஒருவர் இருந்தார். மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டார். பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"பாட்டி, இது பழைய மெஷினுக்கு எழுதினது. அதை எடுத்துட்டுப் புது மெஷின் வந்து ஆறு மாசம் ஆச்சு."

"ஃபோர்ட்ரான்தானே? எந்த மெஷினுக்கும் அது பொதுன்னு தம்பி சொன்னாரே!"

அவருக்குச் சிரிப்பும் வந்தது, ஆச்சரியமும் வந்தது. "பொதுதான் பாட்டி. ஆனா நீங்க பேசுற தமிழும் கந்தையா சார் பேசுற தமிழும் மாதிரி. ஒண்ணுதான், ஆனா ஒண்ணு இல்ல. பழைய மெஷின் எழுத்தை உள்ள வச்சுக்கிற விதம் வேற. சார் அதுக்கேத்த மாதிரி நிறைய வேலை பண்ணியிருக்காரு. எங்க எதை மாத்தணும்னு அவருக்குத்தான் தெரியும்."

"ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்களேன். தப்பா வந்தாலும் பரவாயில்ல."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மெஷின் சும்மா இருந்தபோது போட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அட்டைகள் படபடவென்று உள்ளே போயின. ஒன்றுகூடச் சிக்கவில்லை. அந்தப் பக்கம் தாள் நீளமாக வர ஆரம்பித்தது. வந்துகொண்டே இருந்தது. தம்பியே எழுந்து வருவதுபோல் இருந்தது எனக்கு. கையைக் கூப்பிவிட்டேன்.

அந்தப் பையன் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார். குரலைத் தாழ்த்தி, "இதெல்லாம் பிழைப் பட்டியல், பாட்டி. ஒண்ணும் ஓடலை" என்றார்.

எல்லாமே பிழையா என்று கேட்டேன். அவர் மறுபடி ஒரு தடவை மேலிருந்து பார்த்தார். "முதல் வரியை மட்டும் மெஷின் ஒண்ணும் சொல்லல. அது 'சி' போட்ட வரி. இந்தாங்க, வச்சுக்கங்க" என்று மடித்துக் கொடுத்தார்.

ஆபீஸ் நண்பர்களே, இந்த மலர் உங்கள் கையிலும் வரும் என்று சொன்னார்கள். உங்கள் பெரிய ஆபீசருக்குத் தமிழ் தெரியாதாம். தெரிந்தவர்கள் யாராவது அவர் திரும்பி வந்ததும் சொல்லுங்கள். சந்தனம் வைத்தது கந்தையா அல்ல. கெர்பாவ் ரோட்டு மங்களம் வைத்தாள். கந்தையா கவனமான மனிதர். ஈரக்கையால் ஓர் அட்டையைக்கூடத் தொடமாட்டார். இதை ஆபீசரிடம் சொல்வதால் மெஷின் ஓடப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குச் செய்ய வேறொன்றும் தெரியவில்லை.

சொந்தக்காரர்கள் டிரங்குப் பெட்டியையும் குடையையும் எடுத்துக்கொண்டார்கள். ஸ்வெட்டரை மணியத்துக்குக் கொடுத்துவிட்டேன். என்னிடம் இருப்பது அட்டைப் பெட்டியும், கிழிந்த அந்த முதல் அட்டையும், பிழைப் பட்டியலும்தான். கிழிந்த அட்டையில் இருப்பதும் பட்டியலின் முதல் வரியில் இருப்பதும் ஒன்றேதானாம். இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக இருக்கிறது. வகுப்பில் முதலாவதாக வருகிற வசந்தாதான் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"கேள்வி, மங்களம் அக்கா. மறுமொழி, இனித்தான்."

பெட்டியை மழை படாத இடத்தில் வைத்திருக்கிறேன். வரும் சரஸ்வதி பூஜைக்கு எடுத்து வைப்பேன். பொட்டு பெட்டிக்கு மட்டும்தான்.